ஏலகிரியில் ஃபிர் மரம் நட்டால் அந்த லைக்கன் பிழைக்குமா?

வாணியம்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊசியிலை மரத்தில் வாழும் எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்ற லைக்கன் உலகத்திலிருந்தே அற்றுப்போகும் நிலையில் இருப்பதாகப் படித்தேன். ஏலகிரியில் விடுதித் தோட்டங்களில் கிறிஸ்துமஸ் மரங்கள் நன்றாக வளர்கின்றன. அங்கே ஊசியிலை மரங்களைப் பெருக்கி இந்த லைக்கனைக் கொண்டுவந்து காப்பாற்ற முடியாதா? நம் கடைகளில் விற்கும் கல்பாசியும் இதே வகைதானா? அதை வாங்குவது தவறா?" கூடவே, ஏலகிரியில் ஒரு மாமரத்தில் எடுத்த படத்தையும் வைத்திருக்கிறார்.

கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான். மரத்தைக் கொடுத்துவிட்டால் அதில் வாழும் உயிருக்கு வீடு கொடுத்ததாகுமா? ஆகாது என்பதுதான் என் பதில். ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலூர் பக்கத்துக் கல்லூரிகளில் தாவரவியல் நடத்தியவன் நான். ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்திக் காடு ஆகிய இடங்களில் மாணவர்களோடு மரப்பட்டையையும் பாறையையும் பார்த்துக்கொண்டு திரிந்த அனுபவம் உண்டு. நீங்கள் கேட்ட லைக்கனை மட்டும் உயிரோடு நேரில் பார்த்ததில்லை. அதைப் பற்றி இங்கே எழுதுவது ஆய்வுக் கட்டுரைகளையும் கனடாவில் வெளியான மதிப்பீட்டு அறிக்கைகளையும் படித்து அறிந்தது. நம் ஊர் மரங்களையும் பாறைகளையும் பற்றிச் சொல்வது நானே பார்த்தது.

லைக்கன் தனி உயிரல்ல. ஒரு பூஞ்சையும், ஒளிச்சேர்க்கை செய்யக்கூடிய ஒரு துணையும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம் அது. அந்தத் துணை சிலவற்றில் பச்சைப்பாசியாக இருக்கும், சிலவற்றில் நீலப்பசும்பாசியாக இருக்கும், சிலவற்றில் இரண்டுமே இருக்கும். இதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். பாடம் அழுத்திச் சொல்லாத ஒன்று, துணை எது என்பதைப் பொறுத்து லைக்கனின் தண்ணீர்த் தேவை மாறும் என்பது. பச்சைப்பாசி உள்ள லைக்கன்களில் பல, காற்றில் ஈரப்பதம் போதிய அளவு ஏறினாலே போதும், உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். நீலப்பசும்பாசி மட்டும் உள்ளவற்றுக்கு அது போதாது. அவை நனைய வேண்டும். மழையோ, கண்ணுக்குத் தெரியும் துளிகளாகப் படியும் மூடுபனியோ, பட்டையில் வழியும் நீரோ வேண்டும். எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் இந்த இரண்டாவது வகை. இதன் வாழிடத்தைப் பற்றிய பாதி விஷயம் இந்த ஒன்றிலேயே அடங்கிவிடும்.

பார்க்க எப்படி இருக்கும்? மரக்கிளையிலோ தண்டிலோ ஒட்டிய சிறிய இலை மாதிரி. பெரும்பாலும் சில சென்டிமீட்டர் அகலம்தான். காய்ந்திருக்கும்போது சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், நனைந்தால் கருநீலச் சாம்பல். மேற்பரப்பு முழுவதும் மெல்லிய ரோமம். ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு அடிப்பக்கத்து வெண்மையைக் காட்டும். இலையின் மேல் செம்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன வட்டுகள் குட்டையான காம்புகளில் நிற்கும். பூஞ்சையின் வித்துகள் உருவாவது அந்த வட்டுகளில்தான். முதல் மாதிரி 1902-இல் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தைச் சேர்ந்த கேம்போபெல்லோ தீவில் கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் ஹ்யூ 1911-இல் அதை விவரித்து வேறொரு பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் வேறொரு தொகுதியில், வைத்தார். நார்வேயைச் சேர்ந்த யோர்கன்சன் 1972-இல் எரியோடெர்மாவுக்கு மாற்றினார். முதலில் கிடைத்த அந்தத் தீவில் இன்று அது இல்லை.

இப்போது இருக்கும் முக்கிய இடங்கள் கனடாவின் கிழக்கோரத்தில் நியூஃபவுண்ட்லாந்தும் நோவா ஸ்கோஷியாவும், மேற்கே அலாஸ்கா, ஐரோப்பாவில் நார்வேயின் மழைக்காடுகளில் சொற்பம். ஸ்வீடனில் முன்பு இருந்தது, அங்கே அற்றுப்போனதாகவே கருதுகிறார்கள். கிழக்குக் கனடாவில் பெரும்பாலும் பால்சம் ஃபிர் மரத்தில் வளர்கிறது, நார்வே, ஸ்வீடன் பக்கம் ஸ்ப்ரூஸ் மரத்தில். இரண்டும் ஊசியிலை மரங்கள்தான். ஆனால் அந்த மரங்கள் உள்ள இடமெல்லாம் இது இருக்காது. பால்சம் ஃபிர் கனடாவின் பெரும்பகுதியில் பரவிக் கிடக்கும் மரம். லைக்கனோ, நோவா ஸ்கோஷியாவில் அட்லாண்டிக் கடலோரத்தை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியில், குளிர்ந்த காற்றும் மூடுபனியும் எட்டும் இடங்களில்தான் காணப்படுகிறது. அங்கேயும், வடக்கு நோக்கிய சரிவா, பக்கத்தில் ஸ்ஃபேக்னம் என்ற நீர் உறிஞ்சும் பாசி மெத்தையாகப் படர்ந்த சதுப்பு உண்டா, மரம் போதிய வயதானதா என்றெல்லாம் பார்த்துத்தான் தேடுகிறார்கள். மரம் இந்த லைக்கனுக்கு நிற்க இடம் மட்டுமே தருகிறது. சாப்பாடு தருவதில்லை. லைக்கன் மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதும் இல்லை. அதனால் லைக்கன் பிடித்த மரம் பட்டுப்போகும் என்று நம் தோட்டக்காரர்கள் பயப்படுவதற்கு ஆதாரம் கிடையாது. பழைய, மெதுவாக வளரும் கிளைகளில் அது தங்க நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல லைக்கன்கள் பூஞ்சையையும் பாசியையும் சேர்த்தே பொட்டலம் கட்டிய மாதிரி சிறு துகள்களை உதிர்க்கும். அந்தத் துகள் விழுந்த இடத்தில் புது லைக்கன் முளைத்துவிடும். எரியோடெர்மா பெடிசெல்லாட்டத்துக்கு அந்த வசதி இல்லை. பூஞ்சையின் வித்து மட்டும் காற்றில் போகும். போய் விழுந்த இடத்தில் சரியான நீலப்பசும்பாசி தற்செயலாகக் கிடைத்தால்தான் குடும்பம் உருவாகும். இதுவரை உறுதி. அந்தப் பாசி எங்கே காத்திருக்கிறது என்ற கேள்வி இதைவிடச் சுவையானது. அதே மரங்களில் ஃப்ருல்லானியா என்ற ஒரு ஈரல் தாவரம், பூக்காத மிகச் சிறிய தாவர வகை, பின்னல் பின்னலாகப் படர்ந்திருக்கும். அதன் இலைகளில் தண்ணீர் தேங்கும் நுண்ணிய பைகள் உண்டு. அந்தப் பைகளில்தான் நீலப்பசும்பாசி வாழ்கிறது, பூஞ்சை வித்து அங்கே முளைத்துப் பாசியைப் பிடித்துக்கொண்டு பிறகு பட்டைக்குப் படர்கிறது என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. இரண்டும் அருகருகே வளர்வது பலமுறை பதிவானதால் எனக்கு இது நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது. ஆனாலும் இதைக் கருதுகோள் என்றுதான் சொல்ல வேண்டும். சில தமிழ்ப் பதிவுகளில் இதை முடிந்த உண்மையாகவே எழுதிவிடுகிறார்கள், அது சரியல்ல.

அடுத்து பாதுகாப்பு நிலை. இங்கேதான் படிப்பவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஐ.யு.சி.என் எனப்படும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2003-இல் இதை 'மிகவும் அருகிவிட்ட இனம்' என்ற தரத்தில் வைத்தது. காட்டில் முற்றாக அற்றுப்போவதற்கு முந்தைய படி அது. அந்தச் சிவப்புப் பட்டியலில் ஏறிய முதல் இரண்டு லைக்கன்களில் இது ஒன்று. மற்றது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மணற்பாங்கான புதர்க்காட்டில் தரையில் வளரும் கிளாடோனியா பெர்ஃபொராட்டா. ஆனால் கனடாவின் மதிப்பீட்டுக் குழு 2002-இல் இதே இனத்தை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தது. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் பகுதிக் கூட்டத்துக்கு 'அழியும் நிலை', நியூஃபவுண்ட்லாந்துக் கூட்டத்துக்கு அதைவிடக் குறைந்த 'சிறப்புக் கவனம்' என்று தரம் கொடுத்தது. ஒரே உயிருக்கு ஓராண்டு இடைவெளியில் இத்தனை வேறுபட்ட தரங்கள். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒன்று உலகம் முழுவதும் ஏற்பட்ட சரிவைக் கணக்கில் எடுக்கிறது. மற்றது ஒரு குறிப்பிட்ட கூட்டம் தன் இடத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறது. நியூஃபவுண்ட்லாந்தில் ஆயிரக்கணக்கில் எண்ணப்பட்டிருக்கின்றன, நோவா ஸ்கோஷியாவில் மிகக் குறைவு.

2003-இல் மதிப்பிட்டபோது அலாஸ்காவில் இது இருப்பது தெரியாது. அங்கே 2007-இல் கண்டுபிடித்தார்கள், அதுவும் கணிசமான அளவில். ஆகவே "உலகத்தில் இன்னும் சில நூறுதான் மிச்சம்" என்று நீங்கள் எங்காவது படித்தால் அந்த வரியை நம்ப வேண்டாம். அதே சமயம், அலாஸ்காவில் கிடைத்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்பதும் தவறு. அட்லாண்டிக் கரையில் மரத்துக்கு மரம் இது மறைந்துவருவதை ஆண்டுக்காண்டு திரும்பப் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அலாஸ்காவில் எத்தனை இருந்தாலும் அந்தச் சரிவு சரிவுதான்.

ஏன் மறைகிறது? முதலாவது, காடு வெட்டுவது. மொத்தமாக வெட்டிச் சாய்க்கும்போது லைக்கன் இருந்த மரம் போவது ஒருபுறம். வெட்டாமல் விட்ட பக்கத்து மரத்துக்குள்ளும் வெயிலும் காற்றும் புகுந்து ஈரம் போய்விடுவது இன்னொரு புறம். இரண்டாவது, காற்று மாசு. லைக்கனுக்கு வேர் இல்லை, இலைக்கு மேல் இருக்கும் மெழுகுத்தோல் மாதிரியான காப்பும் இல்லை. மழையில் என்ன கரைந்து வருகிறதோ அதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். நிலக்கரிப் புகையிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகி, பாசியின் பச்சையத்தையே சிதைத்துவிடும். ஊசியிலை மரங்களின் பட்டை இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. அதன்மேல் அமில மழையும் சேர்ந்தால், அமிலம் தாங்காத நீலப்பசும்பாசிக்கு அங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. ஐரோப்பாவில் இது அருகிப்போனதற்கும் கேம்போபெல்லோவில் மறைந்ததற்கும் மாசு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். அந்தந்த இடத்தில் அப்போது யாரும் அளந்து வைக்கவில்லை, அதனால் எத்தனை பங்கு என்று இனிமேல் பிரித்துச் சொல்ல வழியில்லை.

மூன்றாவது காரணம் பலருக்கும் வியப்பாக இருக்கும். நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மூஸ் என்ற பெரிய மான் இயற்கையாகக் கிடையாது. வேட்டைக்கும் இறைச்சிக்குமாக 1878-இலும் 1904-இலும் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டையாடும் ஓநாயும் தீவில் அற்றுப்போனதால் அவை பெருகிவிட்டன. மூஸ் விரும்பித் தின்பதில் இளம் ஃபிர் கன்றுகளும் சேர்த்தி. பெரிய மரங்கள் நிற்கின்றன, அவற்றில் லைக்கனும் இருக்கிறது, பார்க்கக் காடு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அடியில் அடுத்த தலைமுறை இல்லை. இப்போதைய மரங்கள் வயதாகி விழும்போது வித்து போய் இறங்க மரம் இருக்காது. ஆடு மேயும் காட்டோரத்தில் பெரிய மரங்கள் மட்டும் நின்று கன்றே இல்லாமல் இருப்பதை ஜவ்வாது மலையில் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இவை போதாதென்று, நோவா ஸ்கோஷியாவில் வெளியிலிருந்து வந்த ஓடில்லா நத்தைகள் இந்த லைக்கனைத் தின்பதும் பதிவாகியிருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகு ஏலகிரிக்கு வருவோம். முதலில் மரம். நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது பெரும்பாலும் அரக்கேரியா. அது ஊசியிலைக் குழுவைச் சேர்ந்ததுதான், ஆனால் தென் பசிபிக் பகுதித் தீவுகளிலிருந்து வந்தது. ஃபிர், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு மிகத் தூரத்து உறவு. நம் பக்கத்து வீடுகளிலும் சர்ச்சுகளிலும் டிசம்பரில் வெட்டி அலங்கரிக்கும் சவுக்குக் கிளையோ ஊசியிலை மரமே அல்ல. சவுக்கு பூக்கும் தாவரம். ஊசி மாதிரித் தெரிவதைப் பிய்த்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். அது பச்சைத் தண்டு. உண்மையான இலை ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாக, லென்ஸ் வைத்தால்தான் தெரியும் அளவில் இருக்கும். பழைய வட ஆற்காடு முழுவதிலும் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் எதுவும் கிடையாது. தென்னிந்தியாவுக்கே உரியது என்று சொல்ல, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஈரக்காடுகளில் நகேயா வாலிச்சியானா என்ற ஒன்று இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பைன் தோப்புகள் மனிதர் நட்டவை.

சரி, எப்படியோ பால்சம் ஃபிரையே கொண்டுவந்து நட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலான உயரம். வேலூரைவிடக் குளிர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் பால்சம் ஃபிர் பனி உறையும் நீண்ட குளிர்காலத்துக்குப் பழகிய மரம். இங்கே அது கிடைக்காது. லைக்கனுக்கு ஆண்டு முழுவதும் நனைதல் வேண்டும். நமக்கு மழை பெரும்பாலும் ஜூன் முதல் டிசம்பருக்குள் வந்து முடிந்துவிடும், பிப்ரவரி முதல் மே வரை காய்ந்துதான் கிடக்க வேண்டும். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கனடா அறிக்கைகளில் 'வடக்குச் சரிவில் தேடு' என்று இருப்பதைப் படித்துவிட்டு, மாணவர்கள் இங்கேயும் மரத்தின் வடக்குப் பக்கத்தில் மட்டும் லைக்கனைத் தேடுவார்கள். கனடாவில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானில்தான், அதனால் வடக்குச் சரிவு நிழலிலேயே இருக்கும். நாம் இருப்பது ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அக்கினி நட்சத்திர வெயில் மரத்தின் வடக்குப் பக்கத்தைத்தான் தாக்கும். அங்கே காப்பாற்றும் திசை இங்கே அந்த நாட்களில் காப்பாற்றாது. ஒரு வாழிடத்தைப் பெயர்த்து எடுத்துவந்து வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

லைக்கனை மரத்துக்கு மரம் மாற்றி ஒட்டும் முயற்சிகள் உலகில் நடந்திருக்கின்றன, சில இனங்களில் பலனும் கிடைத்திருக்கிறது. ஆனால் அவை அதே காட்டுக்குள், அதே காற்றுக்குள் செய்தவை. கண்டம் தாண்டிக் கொண்டுவருவது, மிச்சமிருப்பதில் கொஞ்சத்தைக் கொன்றுவிடுவதாகத்தான் முடியும். அயல் உயிரினத்தை அனுமதியின்றிக் கொண்டுவரச் சட்டமும் இடம் தராது. இருக்கும் இடத்தில் வைத்துத்தான் இதைக் காப்பாற்ற வேண்டும். அந்த மரங்களைச் சுற்றிப் போதிய அகலத்துக்கு வெட்டாமல் விடுவதும், இன்னும் தேடாத காடுகளில் வெட்டும் முன் தேடுவதும் நோவா ஸ்கோஷியாவில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அது போதுமா என்று அங்கேயே வாதம் நடக்கிறது. எனக்குக் கேட்டால், முழு உறுதி கிடைக்கும்வரை காத்திருந்தால் காடு இருக்காது என்ற பக்கம்தான் நான். இதில் நம் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. அறிவியல் உறுதி இல்லாததைக் காரணம் காட்டி, சீர்செய்ய முடியாத கேட்டைத் தடுக்கும் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் ஏற்றது, பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான்.

நம் ஊரில் நீலப்பசும்பாசி லைக்கன்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலூரைச் சுற்றியுள்ள கருங்கல் குன்றுகளில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தீயில் கரிந்த தடம் என்று சிலர் நினைப்பார்கள். மழைநீர் வழியும் தடங்கள் அவை. அந்தக் கறுப்பு பெரும்பாலும் நீலப்பசும்பாசிகளும் அவற்றோடு சேர்ந்த லைக்கன்களும்தான். பெல்டுலா என்ற பேரினம் இப்படிப்பட்ட சூடான பாறைகளுக்கே பெயர்போனது. ஒரு புட்டித் தண்ணீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றிவிட்டு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கருகிய செதில் மாதிரி இருந்தவை கொஞ்ச நேரத்தில் உப்பி, ஓரம் விரிந்து, பசுமை கலந்த பழுப்பாக மாறும். மே மாதம் முழுவதும் கை வைக்க முடியாத பாறையில் உயிரை அடக்கிக்கொண்டு கிடந்துவிட்டு, நனைந்ததும் வேலையைத் தொடங்கும். கனடாவின் உறவுக்காரனும் நனைந்தால்தான் விழிக்கும், இதுவும் அப்படித்தான். ஆனால் இது நீண்ட வறட்சியைத் தாங்கப் பழகியது, அது பழகவில்லை. இந்தப் பாறைகளைக் கல்குவாரிக்காக உடைக்கும்போது போவது கல் மட்டுமல்ல என்று நான் எப்போதும் சொல்வேன். இவற்றுக்கு எந்தப் பட்டியலிலும் தரம் கிடைத்திருக்காது, ஏனென்றால் பெரும்பாலானவற்றை யாரும் மதிப்பிட்டதே இல்லை. உலகில் சுமார் 20,000 லைக்கன் இனங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இந்தியாவுக்கு 2010-இல் வந்த பட்டியலில் மட்டும் 2,300-க்கு மேல். இவற்றில் சிவப்புப் பட்டியலுக்காக ஆராயப்பட்டவை மிகச் சொற்பம். பட்டியலில் இல்லை என்றால் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இது அப்படியே கல்பாசிக்கும் பொருந்தும். நம் கடைகளில் கல்பாசி என்றும், வாணியம்பாடி, ஆம்பூர் உருது பேசும் வீடுகளில் பத்தர் கா பூல் என்றும் சொல்வது லைக்கன்தான், ஆனால் எரியோடெர்மா அல்ல. முக்கியமாகப் பார்மோட்ரீமா பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் துணை பச்சைப்பாசி. வேலூர் லாங் பஜார் பக்கத்து மளிகைக் கடையில் வாங்கிய பொட்டலத்தை வெள்ளைத்தாளில் கொட்டிப் பிரித்துப் பார்த்தால் ஒரே இனம் இருக்காது. மேலே சாம்பல் வெள்ளை, அடியில் மை போலக் கறுப்பு, அலை அலையான அகன்ற மடல்கள் — இது பார்மோட்ரீமா. கூடவே குறுகலாகக் கிளைத்து ஓரத்தில் கறுப்பு மயிர் உள்ளவை, வெளிர்பச்சை நூல் கற்றைகளாக அஸ்னியா, பாசித் துணுக்கு, நகத்தளவு மரப்பட்டை எல்லாம் கலந்திருக்கும். வணிகத்துக்கு வருவதில் பெரும்பகுதி இமயமலைச் சரிவுகளில், அதிகமாக ஓக் மரங்களிலிருந்து சுரண்டி எடுப்பது. பொட்டலத்தை வைத்துக்கொண்டு இது எந்த மலை என்று சொல்ல என்னால் முடியாது, கடைக்காரராலும் முடியாது.

வாங்குவது தவறா? தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ஒரு குடும்பம் குழம்புக்கு இரண்டு இதழ் போடுவதால் காடு அழியாது. ஆனால் இலை வடிவ லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கைப்பிடிக் கல்பாசி என்பது பல ஆண்டு வளர்ச்சி. மசாலாத் தொழிலுக்கு மூட்டை மூட்டையாக எடுப்பதும், பட்டையோடு சேர்த்துச் சுரண்டுவதும், லைக்கன் உள்ள கிளையையே வெட்டிப் போடுவதும்தான் எனக்குக் கவலை. பட்டைத் துணுக்கு அதிகம் கலந்த பொட்டலத்தை நான் வாங்குவதில்லை. விழுந்த கிளைகளிலிருந்து பொறுக்கியதைவிட மரத்திலிருந்து அறுத்தெடுத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம், நிரூபிக்க முடியாது. ஏலகிரியிலோ ஜவ்வாதிலோ நீங்களே போய்ச் சுரண்டிக்கொண்டு வர வேண்டாம். நம் உலர்காடுகளில் அவ்வளவு அடர்த்தியாக அது வளர்வதில்லை, காப்புக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றமும்கூட.

இந்த விஷயத்தில் அடிக்கடி கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை சாலையோர மரங்களில் லைக்கன் இல்லையே, தோல் தொழிற்சாலைதான் காரணமா என்று கேட்பார்கள். அவசரப்பட்டு அப்படிச் சொல்ல மாட்டேன். தோல் பதனிடுவதன் கெடுதி முதன்மையாக நீரிலும் மண்ணிலும் இருக்கிறது. அதை அளக்கக் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும், மரப்பட்டையை அல்ல. லைக்கன் காட்டுவது காற்றை. அதிலும் நம் ஊரில் வெப்பமும் வறட்சியும் தூசியும் கலந்து குழப்பும். சாலையோரப் புளியமரங்களில் ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்திருப்பார்கள், அங்கே எது வளரும்? கொய்யாவும் தைல மரமும் பட்டை உரிப்பவை, அவற்றில் இல்லாததற்கு மாசு தேவையில்லை. ஒப்பிட வேண்டுமானால் ஒரே இன மரம், ஒரே பருமன், பெயின்ட் அடிக்காத பட்டை, நகரத்துக்குள் சிலவும் வெளியே சிலவும் எடுத்துப் பார்க்க வேண்டும். மாமரம் இதற்கு நல்லது, எங்கும் இருக்கிறது. நகரத்துக்குள் கிடைப்பது பிக்சின் கோகோயஸ் போன்ற மாசு தாங்கும் இனமாக மட்டும் இருந்து, வெளியே போகப்போக வகைகள் கூடினால், அப்போது காற்றைச் சந்தேகிக்கலாம்.

கடைசியாக உங்கள் படம். மாமரப் பட்டையில் வட்டமாக, சாம்பல் பச்சையில் தெரிவது இலை வடிவ லைக்கன் என்பது உறுதி. பட்டையோடு இறுக்கி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் பிக்சின் அல்லது டிரினாரியாவாக இருக்கலாம். சமவெளி மாமரங்களிலும் தென்னையிலும் சாதாரணமாகக் காணக்கூடியவை இவை. கல்பாசியாக இருந்தால் மடலின் ஓரம் பட்டையிலிருந்து தூக்கி நிற்கும், சில இனங்களில் ஓரத்தில் கறுப்பு மயிர் தெரியும். உங்கள் படத்தில் ஓரம் தெளிவாக இல்லை, ஆகவே இனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெளிவான படம் இருந்தாலும்கூடப் பல லைக்கன்களை வேதிக்கரைசல் சொட்டு வைத்து நிறமாற்றம் பார்த்தும், வட்டை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தும்தான் முடிவு சொல்ல முடியும். அடுத்த முறை போகும்போது பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கொண்டுபோங்கள், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் வகை போதும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து முதலில் காய்ந்த நிலையில் ஒரு படம், பிறகு தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் பொறுத்து இன்னொரு படம், மடலின் ஓரத்தை மட்டும் கிட்டத்தில் ஒன்று எடுங்கள். பிய்க்க வேண்டாம். மரத்தின் பெயர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தத் திசைப் பக்கம், பக்கத்தில் ஏரியோ ஓடையோ உண்டா என்பதையும் எழுதி அனுப்பினால், பேரினம் வரைக்குமாவது சொல்லிவிடலாம்.